அலமாரிக்குள் போகும் முன்: தையல் துணிகளைப் பாதுகாத்து அடுக்கும் முறை

தையல் மெஷின் இருக்கும் வீட்டில் துணி தானாகவே சேரும். நவராத்திரியில் நாலு வீட்டுக் கொலுவுக்குப் போய் வந்தால் வெற்றிலை பாக்கோடு நாலு ஜாக்கெட் பிட் வந்துவிடும். வளைகாப்பு, கிரகப்பிரவேசம், கல்யாணம் எல்லாவற்றிலும் இதே கதைதான். ஆடித் தள்ளுபடியில் 'விலை குறைவாக இருக்கிறதே' என்று வாங்கிய சுடிதார் மெட்டீரியல், திருப்பூர் காதர்பேட்டையில் கிலோ கணக்கில் எடுத்த பனியன் துணி, புடவையோடு ஒட்டி வந்த 80 செ.மீ. பிளவுஸ் துணி, மகளுடைய பாவாடை தைத்தது போக மிஞ்சிய அரை மீட்டர் பட்டு என்று அது பெருகிக்கொண்டே போகும்.

சேர்ப்பதில் தப்பே இல்லை. நல்ல துணி கையிருப்பில் இருந்தால்தான் நினைத்த நேரத்தில் தைக்க முடியும். ஆனால், கரும்பச்சை லைனிங் வீட்டில் இருப்பது நன்றாக நினைவிருந்தும் அது கிடைக்காமல் மறுபடி கடைக்குப் போகிறீர்கள் என்றால், அந்தத் துணி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே ஒரு விதியைச் சுற்றி நடக்கிறது. எந்தத் துணியும் அலமாரிக்குள் போவதற்கு முன் நான்கு விவரங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: என்ன துணி, எத்தனை மீட்டர், என்ன பன்னா (துணியின் அகலம்), நனைத்ததா இல்லையா. டப்பா வாங்குவது, ரேக் வாங்குவது, நிறவாரியாக அடுக்குவது எல்லாம் இதற்குப் பிறகுதான். பலர் முதலில் டப்பா வாங்குகிறார்கள். இருக்கும் துணி எவ்வளவு என்று தெரியாமல் வாங்கிய டப்பாக்கள் வீட்டை அடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

## முதல் நாள்: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

மழை இல்லாத, வெயில் உள்ள நாளாகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஈரக் காற்றில் மடித்து வைத்த துணி அந்த ஈரத்தோடேயே உள்ளே போகும்.

1. பீரோ, பரண், கட்டிலுக்கு அடியில், மெஷின் டிராயர், பழைய ஜவுளிக்கடைப் பைகள் என எங்கெல்லாம் துணி இருக்கிறதோ எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தரையில் சுத்தமான பெட்ஷீட் விரித்து அதன் மேல் போடுங்கள்.
2. பரணிலிருந்து இறக்கும்போது நாற்காலி மேல் ஸ்டூல் வைத்து ஏறாதீர்கள். நிலையான ஏணி, கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள், இரண்டும் வேண்டும். துணி மூட்டை பார்ப்பதற்குத்தான் லேசு. தலைக்கு மேலிருந்து இழுக்கும்போது ஆளையே சாய்த்துவிடும்.
3. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட், விலைச் சீட்டு, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் அகற்றுங்கள். குண்டூசி துருப்பிடித்துத் துணியில் செம்பழுப்புப் புள்ளி வைக்கும்; அந்தக் கறை எளிதில் போகாது. ரப்பர் பேண்ட் வெயில் காலத்தில் இளகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள கந்தகம் வெள்ளிச் சரிகையைக் கறுக்கவும் வைக்கும்.
4. ஒவ்வொரு துணியையும் முழுதாக உதறி விரித்துப் பாருங்கள். மடிப்பில் பழுப்புக் கோடு, கறை, பூச்சி அரித்த ஓட்டை, பூஞ்சை வாடை இருப்பவற்றைத் தனியாகப் போடுங்கள்.
5. பல வருடப் பழைய துணி என்றால் ஓரத்தில் இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காகிதம் போலக் கிழிந்தால் அது தைக்கத் தகுதியில்லாதது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் ஜாக்கெட் தைக்க வேண்டாம். முதல் முறை கையைத் தூக்கும்போதே கைக்குழி விட்டுவிடும்.

இப்போது துணியை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தைக்கப் போவது, யாருக்காவது கொடுக்கப் போவது, துடைக்கவோ திணிக்கவோ போவது. 'பார்க்கலாம்' என்று நான்காவது குவியல் வைக்காதீர்கள். அது அப்படியே பழைய மூட்டையாகத் திரும்பிப் போய்விடும். தாம்பூலத்தில் வந்த ஜாக்கெட் பிட்டுகளில் நீங்கள் தைத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தோன்றுபவற்றை ஒரு தனிப் பையில் போட்டுப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அடுத்து யாருக்காவது வைத்துக் கொடுக்கத் தேவைப்படும். உங்கள் தையல் அலமாரியில் அவற்றுக்கு இடம் கிடையாது.

## என்ன துணி என்று தெரியாதபோது

கோடவுன் தெருவிலோ ஈரோடு சந்தையிலோ கட்பீஸாக எடுத்த துணியில் பெயர்ச்சீட்டு இருக்காது. 'காட்டன்தான்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பிச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் சில நேரம் துணி பெட்டியோடேயே வந்துவிடும். சந்தேகம் இருந்தால் நூலை எரித்துப் பாருங்கள்.

1. துணி ஓரத்திலிருந்து நீளவாக்கு நூல் சில, குறுக்கு நூல் சில உருவி எடுங்கள். இரண்டும் வெவ்வேறு இழையாக இருக்கலாம் என்பதால் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.
2. இடுக்கியில் பிடித்துக்கொள்ளுங்கள். கையால் பிடிக்கவே கூடாது. கீழே தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டு இருக்கட்டும்.
3. மெழுகுவத்திச் சுடரின் ஓரத்துக்கு மெதுவாகக் கொண்டு போங்கள்.

பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். ரேயானும் ஏறக்குறைய இப்படியே எரியும் என்பதால் இந்த இரண்டையும் நெருப்பை வைத்துப் பிரிக்க முடியாது. ரேயானின் குழைவையும் வழவழப்பையும் கையால்தான் உணர வேண்டும். பட்டு முடி கருகும் வாடை அடிக்கும், சுடரை எடுத்தால் அணையப் பார்க்கும், கரிந்த நுனியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் சுடரைக் கண்டதும் சுருங்கி உருகி, ஆறியபின் நசுக்க முடியாத கெட்டி மணியாகும். உருகிச் சொட்டும் துளி தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அதனால்தான் இடுக்கியும் தண்ணீர்த் தட்டும். சாம்பலும் வந்து, கெட்டி மணியும் வந்தால் கலப்புத் துணி.

எச்சரிக்கை: துணிக் குவியலுக்குப் பக்கத்தில், ஃபேன் காற்றில், சமையலறை கேஸ் அடுப்பில் இதைச் செய்யாதீர்கள். பின்கட்டோ மொட்டை மாடியோ சரியான இடம். நைலக்ஸ் புடவை, தொங்கும் துப்பட்டாவோடு நெருப்புப் பக்கம் போகவும் வேண்டாம்.

## நனைத்து வைப்பது

அடுக்கும் வேலையில் இதுதான் முக்கியமான கட்டம். நேரமில்லை என்று பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

பருத்தித் துணி முதல் முறை தண்ணீரில் போட்டதும் சுருங்கும். 5 சதவீதம் சுருங்கினால் 2 மீட்டரில் 10 செ.மீ. போய்விடும். முழங்காலுக்குக் கீழ் வர வேண்டிய குர்த்தி முதல் துவைப்பிலேயே ஏறிக்கொள்வது இதனால்தான். மேல் துணியை மட்டும் நனைத்துவிட்டு லைனிங்கை நனைக்காமல் விடுவது அதைவிட மோசம். ஜாக்கெட்டைத் துவைத்த பின் உள்ளே லைனிங் சுருங்கிக்கொள்ளும், வெளியே மேல் துணி சுருங்காது. முன்பக்க டார்ட் நுனியில் குமிழ் விடும், கைக்குழி இழுக்கும், ஊக்குப்பட்டி நெளியும். தையலில் ஏதோ தவறு என்று பிரித்துப் பிரித்துத் தைப்பார்கள். தையலில் குற்றமில்லை, தைப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. புடவை ஃபால்ஸுக்கும் இதே விதிதான். நனைக்காத ஃபால்ஸ் சுருங்கினால் புடவையின் அடிக்கரை முழுவதும் சுருக்கம் விழும்.

ஆகவே பருத்தி, லைனிங், உள்பாவாடைக்கான பாப்ளின், ஃபால்ஸ், ரேயான் ஆகியவற்றை வாங்கி வந்த வாரமே நனைத்துவிடுங்கள். தைக்கும் நாளன்று நனைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் தீபாவளிக்கு முதல் வாரம் நனைக்காமலேயே வெட்டுவீர்கள்.

1. துணியை மீட்டர் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நனைப்பதற்கு முன் அளவு, பின் அளவு இரண்டும் தெரிந்தால் அந்தக் கடையின் அந்தத் துணி எவ்வளவு சுருங்கும் என்று அடுத்த முறைக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.
2. வெட்டிய இரண்டு ஓரங்களையும் ஜிக்ஜாக் போடுங்கள். நேரமில்லையென்றால் நான்கு மூலைகளையும் சின்னதாகச் சாய்த்து வெட்டிவிடுங்கள். பிசிறு அதிகம் வராது.
3. சாயம் சோதியுங்கள். வெள்ளைத் துணித் துண்டை ஈரமாக்கி, துணியின் ஓரத்தில் வைத்து அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணிக்குத் தனி வாளி. சிவப்பு, கருநீலம், மெரூன், சுங்குடி, இண்டிகோ அச்சு ஆகியவற்றைச் சோதிக்காமலேயே தனியாகப் போட்டுவிடலாம்.
4. அறை வெப்பத் தண்ணீரில் முழுவதும் அமிழும்படி போட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். சாயம் விடும் துணியை மட்டும் ஊற விடாமல், தண்ணீர் தெளியும் வரை அலசி எடுங்கள்.
5. முறுக்கிப் பிழியாதீர்கள். குறிப்பாக ரேயான் ஈரத்தில் வலுவிழந்து நிற்கும். முறுக்கினால் இழை நகர்ந்துவிடும். அப்படியே தூக்கித் தண்ணீர் வடியவிட்டு நிழலில் உலர்த்துங்கள்.
6. லேசான ஈரம் இருக்கும்போதே, நூலோட்டம் நேராக இருக்கும்படி இழுத்துவிட்டு இஸ்திரி போடுங்கள். சூடு முழுவதும் ஆறிய பிறகுதான் மடிக்க வேண்டும். இஸ்திரிச் சூட்டோடு மடித்தால் உள்ளே தங்கும் ஆவி பூஞ்சைக்கு வழி.

கல் உப்பைப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். ஏற்கெனவே ஒழுங்காகப் பிடிக்காத சாயத்தை வீட்டு உப்பு பிடிக்க வைக்காது. மிச்சச் சாயம் வெளியேறும் வரை அலசுவதுதான் வழி. கஞ்சியும் வேண்டாம். கஞ்சி போட்ட துணி விறைப்பாக, வெட்டுவதற்குச் சுகமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும் துணியில் கஞ்சி இருந்தால் வெள்ளிமீன் பூச்சிக்கு அது சாப்பாடு. வெட்டும் அன்று போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டு, சரிகைத் துணி, வெல்வெட், ஆரி வேலை செய்த துணி, டிரை கிளீன் மட்டுமே என்று சொல்லிக் கொடுத்தவை ஆகியவற்றை நனைக்கக் கூடாது. பாலியெஸ்டர் ஜார்ஜெட், க்ரேப், சாட்டின் அநேகமாகச் சுருங்காது. சாயச் சோதனை மட்டும் போதும்.

## சீட்டு எழுதுவது

இரண்டு விரல் அகலக் கேன்வாஸ் துண்டு எடுத்து, துவைத்தாலும் அழியாத பேனாவால் எழுதி, துணியின் கரையில் இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள். பிரிக்க ஒரு நொடிதான் ஆகும். காகிதச் சீட்டைக் குண்டூசியால் குத்த வேண்டாம். மாஸ்கிங் டேப், செல்லோடேப் ஒட்டினால் பசை துணியில் தங்கிப் பழுப்பாகும்.

சீட்டில் இருக்க வேண்டியது அந்த நான்கு விவரங்களும், எதற்கான துணி என்பதும்தான்:

காட்டன் கேம்ப்ரிக் / 2.35 மீ. / பன்னா 44 / நனைத்தது / குர்த்தி

பன்னாவை எழுதாமல் விடாதீர்கள். ஜாக்கெட்டுக்கு வரும் டூ பை டூ துணி பெரும்பாலும் 36 அங்குலம், அச்சுப் பருத்தி 44, பாலியெஸ்டரும் பனியன் துணியும் 58–60 என்று வரும். 2 மீட்டர் என்று மட்டும் எழுதியிருந்தால் 36 அங்குலத்தில் வராத குர்த்தியை வரும் என்று நினைத்து வெட்டத் தொடங்கிவிடுவீர்கள். நீளத்தையும், கடைக்காரர் சொன்னதை எழுதாமல் நீங்கள் அளந்ததை எழுதுங்கள். நனைத்த பிறகு அளந்தது என்றால் இன்னும் நல்லது.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு துணியின் ஓரத்திலிருந்தும் ஓர் அங்குலத் துண்டு வெட்டி ஒட்டி, அதே விவரத்தை எழுதி, எந்தத் தட்டில் இருக்கிறது என்று குறித்துவிட்டால் நூல், பட்டன், லேஸ் வாங்கப் போகும்போது முழுத் துணியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் திரையில் மெரூனும் அரக்கும் ஒன்றாகத் தெரியும். மேட்சிங் சென்டரில் நூலைத் துணியோடு வைத்துப் பார்க்காமல் எடுக்க முடியாது. ஆகவே நோட்டுதான் என் சிபாரிசு.

## மடிக்கும் முறை

ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பது முழுவதும் சரியும். புத்தகம் நிற்பது போலத் துணியை நிறுத்தி வைத்தால் எல்லாத் துணியின் முகமும் ஒரே பார்வையில் தெரியும். அதற்கு அட்டையில் சுற்ற வேண்டும். புடவைப் பெட்டியின் அட்டையோ, ஜவுளிக்கடையில் தூக்கி எறியும் துணி சுற்றிய அட்டையோ கேட்டால் கொடுப்பார்கள்.

1. அட்டையை 7 அங்குல அகலம், 10 அங்குல உயரமாக வெட்டுங்கள். எல்லா அட்டையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வரிசை ஒழுங்காக நிற்பது இதனால்தான்.
2. பழைய வெள்ளை வேட்டித் துணியை அட்டைக்கு உறை போல ஒட்டாமல் சுற்றுங்கள். சாதாரண அட்டையின் அமிலம் நாளாக நாளாகத் துணியைப் பழுப்பாக்கும்.
3. துணியின் இரண்டு கரைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து மடியுங்கள். 44 அங்குலம் 22 ஆகும். மறுபடி மடித்தால் 11. 36 அங்குலத் துணி இதே போல 9 ஆகும். 58 அங்குலத் துணியை முதலில் இரண்டாகவும் பிறகு மூன்றாகவும் மடித்தால் 10 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.
4. மடித்த பட்டையின் ஒரு நுனியில் அட்டையை நிறுத்தி, இழுக்காமல் சுற்றிக்கொண்டே போங்கள். இறுக்கினால் பனியன் துணியும் க்ரேப்பும் நீண்டு, வெட்டியபின் சுருங்கும்.
5. வெட்டு ஓரத்தை உள்பக்கம் மடித்துச் செருகுங்கள். சீட்டு வெளியே தொங்கட்டும்.

ஒரு மீட்டருக்குக் குறைந்தவற்றுக்கு அட்டை தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே அளவில் மடிக்க 6 அங்குல அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி மடித்து உருவி எடுத்து, ஆழம் குறைந்த கூடையில் நிறுத்தி வைக்கலாம்.

மடிக்கவே கூடாதவையும் உண்டு. வெல்வெட்டை மடித்தால் அந்தக் கோட்டில் மயிர் படுத்துவிடும். அட்டைக் குழாயில் தளர்வாகச் சுருட்டுங்கள். ரெக்ஸின், கேன்கேன் நெட், ஒட்டும் கேன்வாஸ் ஆகியவையும் சுருட்டித்தான் இருக்க வேண்டும். ஒட்டும் கேன்வாஸை இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் வைத்தால் பசை இளகும். பனியன் துணியைத் தொங்கவிடாதீர்கள், தன் கனத்திலேயே நீளும்.

## எந்த வரிசையில் அடுக்குவது

நிறவாரியாக அடுக்கிய அலமாரி படத்தில் அழகாக இருக்கும். வேலைக்கு அது உதவாது. பச்சை வரிசையில் பட்டும் நைட்டித் துணியும் கலந்து கிடந்தால் தைக்கும்போது தேடத்தான் வேண்டும். எதற்கான துணி என்பதை வைத்துத் தட்டுகளைப் பிரியுங்கள்: ஜாக்கெட், குர்த்தி மற்றும் சுடிதார், குழந்தை உடுப்பு, நைட்டி, பை மற்றும் வீட்டு உபயோகம். அந்தந்தத் தட்டுக்குள் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை போகலாம். லைனிங்கை மட்டும் முழுக்க நிறவாரியாகத் தனித் தட்டில் வையுங்கள். லைனிங்கைத் தேடுவது எப்போதும் நிறத்துக்காகத்தான். அடர் நிறத்துக்கும் வெளிர் நிறத்துக்கும் நடுவே வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றைச் செருகுங்கள். இண்டிகோவும் கறுப்பும் உலர்ந்த நிலையிலும் உரசி நிறம் ஏற்றும்.

டெனிம், கேன்வாஸ், திரைச்சீலைத் துணி போன்ற கனமானவை எப்போதும் கீழ்த் தட்டில். வரிசைக்கு நடுவே உள்ளங்கை தட்டையாக நுழையும் அளவு இடம் விடுங்கள். நெருக்கி அடைத்தால் காற்றும் போகாது, ஒன்றை இழுத்தால் நாலு வரும்.

## எந்த இடம்

- சுவரிலிருந்து இரண்டு விரல், தரையிலிருந்து ஒரு சாண் தள்ளி ரேக் நிற்கட்டும். சுவர் ஈரமும் கரையானும் முதலில் தொடும் இடங்கள் அவை. குளியலறைச் சுவரை ஒட்டியும் வேண்டாம்.
- ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் திறந்த ரேக் வைத்தால் மடிப்பின் மேற்பக்கம் மட்டும் வெளுத்துக் கோடு விழும். கலம்காரி, இயற்கைச் சாயத் துணிகள் சீக்கிரம் வெளுக்கும். ஒரு பருத்தித் திரை போட்டுவிடுங்கள்.
- இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மேலோ பக்கத்திலோ துணியே வைக்கக் கூடாது. அமிலத் துளி பட்ட பருத்தி பார்வைக்கு நன்றாக இருக்கும், துவைத்ததும் ஓட்டை ஓட்டையாக வரும். தீ ஆபத்து வேறு.
- சுவிட்ச் போர்டு, பூஜை விளக்கு, இஸ்திரி மேசை மூன்றிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே துணி மடிக்க உட்காருங்கள்.
- அட்டைப் பெட்டிகள் கரப்பானுக்கு வீடு. பிளாஸ்டிக் டப்பா என்றால் நன்றாக உலர்ந்த துணியை மட்டும் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள்.

## பட்டும் சரிகையும் ஆரி வேலையும்

பட்டுத் துணியைப் பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். பலமுறை துவைத்து மென்மையான வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால் என்பதால் அதைக் காற்றுக்கும் ஈரத்துக்கும் அதிகம் காட்டாமல் வைப்பதே பாதுகாப்பு. சரிகை உள்பக்கமாக வரும்படி மடித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே கோட்டில் வருடக்கணக்கில் மடிந்திருந்தால் இழை அங்கேயே அறுந்துபோகும். கரையில் ஒரு முறை கிழிந்த பட்டு, ஜாக்கெட்டின் கைக்கு ஆகாது.

சென்ட், பவுடர், அந்துருண்டை எதுவும் சரிகை மேல் நேராகப் படக் கூடாது. ஆரி வேலை செய்த கைகளையும் முதுகுத் துண்டையும் மடிக்காமல் தட்டையாக வைத்து, வேலைப்பாட்டின் மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைப் போட்டு, அதன் மேல் அடுத்ததை வையுங்கள். மணியும் குந்தனும் அடுத்த துணியின் இழையில் மாட்டிக்கொண்டால் இரண்டும் பாழ். பசையால் ஒட்டிய கற்கள் சூட்டில் பெயர்ந்துவிடும் என்பதால் இவற்றைப் பரணில் ஏற்றவே வேண்டாம்.

## ஈரம், பூஞ்சை, பூச்சி

காற்றில் ஈரப்பதம் தொடர்ந்து 65–70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர ஊர்களில் இது அன்றாட நிலைமை. செப்டம்பரிலேயே ஒரு வெயில் நாளில் அலமாரியைக் காலி செய்து, தட்டுகளை உலர்ந்த துணியால் துடைத்து, துணிகளை நிழலில் காற்றாட விட்டுத் திரும்ப அடுக்குங்கள். மழை நாளில் பீரோவைத் திறந்து வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஈரம்தான் உள்ளே வரும்.

சிலிக்கா ஜெல் பைகள் உதவும். நிறம் மாறியதும் காயவைத்தோ மாற்றியோ வைக்க வேண்டும். இல்லையென்றால் அவை வெறும் பைகள்தான். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும். குழந்தைகள் கை படும் இடத்தில் அந்த வகை வேண்டாம். சுட்ட சுண்ணாம்புக் கல்லை ஈரம் உறிஞ்ச வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர் பட்டால் கொதித்துச் சூடேறும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

அந்துருண்டை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் நாப்தலீன், அதன் ஆவி மனிதருக்கும் கெடுதல். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு வைத்திருந்த துணியை உடுத்துவதே ரத்த அணுக்களைச் சிதைக்கும். குறைபாடு இருப்பது பல குடும்பங்களுக்கு முன்னதாகத் தெரியாது. ஆகவே குழந்தை உடுப்புக்கான துணியும் தொட்டில் துணியும் இருக்கும் தட்டில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். மற்றத் தட்டுகளில் வைத்தாலும் சின்னத் துணிப் பையில் கட்டி மேலே தொங்கவிடுங்கள். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். அந்துருண்டையையும் கற்பூரத்தையும் சேர்த்து வைத்தால் இரண்டும் இளகி எண்ணெய்ப் பசையாகித் துணியில் இறங்கும். கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும், அதையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

உலர்ந்த வேப்பிலை, வசம்புத் துண்டுகளைத் துணிப் பையில் கட்டி வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். வாசனை போனதும் மாற்றுங்கள். பச்சை வேப்பிலையை அப்படியே வைத்தால் அதன் ஈரமே கறையாகும். ஆனால் இவற்றையெல்லாம் விட, அழுக்கில்லாத, கஞ்சியில்லாத, நன்றாக உலர்ந்த துணியைப் பூச்சி அதிகம் தொடாது என்பதை நினைவில் வையுங்கள்.

பூஞ்சை கண்டுவிட்டால்:

1. மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக்கொண்டு துணியை வெளியே எடுத்துப் போங்கள். அறைக்குள் உதறினால் அதன் துகள் மற்றத் துணிக்கும் பரவும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள்.
2. மென்மையான பிரஷ்ஷால் தட்டி, வெயிலில் உலர்த்துங்கள்.
3. பருத்தி என்றால் சோப்புப் போட்டுத் துவைத்து முழுக்கக் காயவையுங்கள். பட்டு என்றால் டிரை கிளீனரிடம் கொடுங்கள்; குளோரின் பிளீச் பட்டையே கரைத்துவிடும்.
4. பிளீச்சோடு வினிகரையோ ஆசிட் கிளீனரையோ கலக்காதீர்கள். வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

## வெட்டுத் துண்டுகள்

வெட்டி மிஞ்சிய துண்டை எல்லாம் ஒரே பையில் திணிப்பதுதான் தையல் வீடுகளின் தீராத தலைவலி. வெட்டி முடித்த கையோடு, மேசையை விட்டு எழுவதற்கு முன் பிரித்துவிடுங்கள். அரை மீட்டருக்கு மேல் இருந்தால் சீட்டோடு கூடைக்குப் போகட்டும். ஒரு ஜாக்கெட் கைக்கு ஆகும் துண்டுகள் ஒரு டப்பா. அதைவிடச் சிறியதைச் சாய்வாக, அதாவது கிராஸில், ஒன்றேகால் அங்குலப் பட்டையாக வெட்டி, இணைத்து, பழைய நூல்கண்டில் சுற்றிவிட்டால் கழுத்துக்குப் பைப்பிங் தயார். அதற்கும் ஆகாதவை தலையணைத் திணிப்புக்கு. டப்பா நிரம்பினால் பெரிய டப்பா வாங்காதீர்கள், பழையதைக் கழியுங்கள்.

## பிறர் தைக்கக் கொடுத்த துணி

வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துத் தைப்பவர் என்றால் இது உங்களுக்கு. வாடிக்கையாளரின் துணி உங்கள் சேகரிப்போடு ஒருபோதும் கலக்கக் கூடாது. அதற்கென்று வேறு தட்டு, முடிந்தால் வேறு அலமாரி.

1. துணியை வாங்கும்போதே அவர் எதிரிலேயே விரித்து அளந்து, கறை, கிழிசல் இருந்தால் காட்டிப் பில்லில் எழுதிக்கொள்ளுங்கள்.
2. துணி, லைனிங், அளவு ஜாக்கெட், அவர் கொடுத்த லேஸ், பில் நகல் ஐந்தும் ஒரே துணிப் பையில். பையின் வெளியே பெயர், பில் எண், கொடுக்க வேண்டிய தேதி.
3. பைகளைக் கொடுக்கும் தேதி வரிசையில் நிறுத்துங்கள். இடப்பக்கம் முதலில் தர வேண்டியது.
4. நனைக்கலாமா என்று கேட்டு, அவர் சொன்ன பதிலையும் பில்லில் எழுதுங்கள். நனைக்க வேண்டாம் என்றால் சுருங்கும் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.
5. வெட்டி மிஞ்சிய துண்டுகளை மடித்து, தைத்த ஜாக்கெட்டோடு அதே பையில் வைத்துக் கொடுங்கள், உள்ளங்கை அகலமே இருந்தாலும்.